சார்ஜிங் பாயிண்ட் வரட்டும்! நம்ம மோட்டார் எரியாமல் வரட்டும்!



போன சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்பா செயலாளரே, கார்க்காரன் கரண்டு ஏத்துறதுக்கு நாம எதுக்குப் பேசணும்? நமக்கு த்ரீ பேஸே ஒழுங்கா வர்றதில்ல" என்று கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் "நமக்கு எதுக்கு" என்று நாம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

மின்சார வண்டி வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலேயே மின்சாரக் கார் செய்கிறார்கள். 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பூந்தமல்லி பணிமனையும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி பூங்கா, கடற்கரை, கார் நிறுத்துமிடம் என்று பார்த்துப் பார்த்து சார்ஜிங் நிலையத்துக்கு இடம் ஒதுக்கியது. அம்பத்தூர் 2011-லேயே அந்த மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆவடியும் 2019-ல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. அவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கு. வெள்ளவேடு, நேமம், குத்தம்பாக்கம் பக்கம் இருக்கிற நமக்கு?

மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. நகரத்தில் 2030-க்குள் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்று அளவு சொன்னார்கள். கீரைக்கட்டும் பூக்கூடையும் கிளம்புகிற ஊருக்கு அளவு எங்கே? அதே மாதம் மத்திய அரசு 10,900 கோடி ரூபாயில் பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் சார்ஜிங் நிலையத்துக்கு மட்டும் 2,000 கோடி. டூவீலர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் இருக்கு. டிராக்டர் இல்லை!

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். ராத்திரி ஒரு மணிக்கு லோடு ஆட்டோவில் கீரை ஏற்றிக் கோயம்பேடு போகிறவன், காலை எட்டு ஒன்பது மணிக்கு ஊர் திரும்புகிறான். அந்த வண்டி சாயங்காலம் வரை வேப்பமரத்தடியில் சும்மாதான் நிற்குது. பகல் 9 மணி முதல் 4 மணி வரை சூரிய மின்சாரம் இருக்கும் நேரம், அப்போது சார்ஜ் ஏற்றினால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்லுது. நகரத்து ஆபீஸ்காரன் வண்டி பகலில் எங்கேயோ நிற்கும். நம்ம வண்டி ஊரிலேயே நிற்குது. அந்த மலிவு நமக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்கும் பொருந்தாது. டீசலுக்குக் கொட்டுகிற காசில் பாதி மிஞ்சினாலும் ஒரு மூட்டை உரத்துக்கு ஆகும். அதனால்தான் சொல்கிறேன், சார்ஜிங் பாயிண்ட் நமக்கும் வேண்டும்.

ஆனால் எப்படி வேண்டும்? இங்கேதான் உஷாராக இருக்கணும்.

நம்ம 5 எச்.பி. மோட்டார் இழுப்பது ஏறக்குறைய 3.7 கிலோவாட். டூவீலர், லோடு ஆட்டோவுக்குப் போதுமான சாதா சார்ஜர் 3.3 கிலோவாட், அதாவது ஒரு மோட்டாரை விடக் குறைவு. காருக்கு வைக்கிற வேகச் சார்ஜர் ஒன்று 60 கிலோவாட் என்றால், 5 எச்.பி. மோட்டார் பதினாறு ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம்! நம்ம ஊரில் இருப்பது 63 கே.வி.ஏ. அல்லது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். 63-ஐ அந்த ஒரு சார்ஜரே முழுங்கிவிடும். அப்புறம் லோ வோல்டேஜ் வரும், மோட்டார் உறுமும், காயில் கருகும். போன கோடையில் எனக்கே காயில் எரிந்து, கட்டி வாங்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில் அரை ஏக்கர் கீரை வாடிப்போச்சு. சார்ஜர் வராத போதே இந்தக் கதி! வேகச் சார்ஜர் வைக்கிறவர்கள் தனி டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளட்டும். நம்ம லைனில் கை வைக்கக் கூடாது.

அடுத்து, நிலம். பொது நிலத்தைச் சார்ஜிங் நிலையத்துக்கு 10 வருஷத்துக்குக் கொடுக்கலாம், யூனிட்டுக்கு 1 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம், தனியாருக்கு ஏலம் விட்டால் அதுதான் அடிமட்ட விலை என்று 2022 ஜனவரியில் வழிகாட்டி போட்டார்கள். ஒரு நாளைக்கு 100 யூனிட் போனால் ஊராட்சிக்கு 100 ரூபாய், மாசம் 3,000. தனியார் வேகச் சார்ஜரில் யூனிட் பதினைந்து, இருபது ரூபாய்க்கு மேலும் விற்குது. நிலம் நம்முது, லாபம் யாருது?

ஊராட்சியால் சொந்தமாக நடத்த முடியாதா? கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மின்வாரியத்துக்கே கரண்டு விற்ற ஊராட்சி அது! காற்றாலை வைக்க ஒரு ஊராட்சியால் முடிந்தது, நாலு சாதா சார்ஜரும் கூரையில் சோலார் பலகையும் வைக்க நம்மால் முடியாதா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பம்புசெட்டு கரண்டில் வண்டிக்குச் சார்ஜ் போடாதீர்கள். 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்த வழியில் போராடித்தான் 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. "இலவச மின்சாரத்தைத் திருடுகிறான், மீட்டர் வை" என்று சொல்ல ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அந்தச் சாக்கை நாமே கொடுக்க வேண்டாம்!

ஆகவே நாம் கேட்பது:

1. ஊராட்சி அலுவலகம், சந்தை, நெல் கொள்முதல் நிலையம் உள்ள இடங்களில் சாதா சார்ஜர். ஊராட்சியே சொந்தமாக நடத்த வேண்டும்.

2. வேகச் சார்ஜர் எங்கே வைத்தாலும் தனி டிரான்ஸ்பார்மர். விவசாய லைனில் இணைக்கக் கூடாது.

3. ஏரி, குளம், மேய்க்கால் புறம்போக்கில் வைக்கக் கூடாது. பொது நிலம் எதுவானாலும் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் குத்தகைக்கு விடக் கூடாது.

4. பகல் நேரக் கட்டணக் குறைப்பு ஊராட்சி சார்ஜரில் ஏற்றுகிறவனுக்கும் முழுசாகக் கிடைக்க வேண்டும்.

2025 ஜனவரி 5-ஓடு நம்ம மாவட்ட ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் இல்லாத நேரத்தில்தான் கையெழுத்துகள் சத்தமில்லாமல் விழும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. அடுத்து வருகிற சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதாமல் எழுந்திருக்காதீர்கள்!

அன்னைக்கு ஒரு பைசாவுக்குக் கணக்கு கேட்ட கூட்டம் இது. இன்னைக்கு ஒரு ரூபாய்க்குக் கணக்கு கேட்க மாட்டோமா?

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்