சொல்லும் அதன் தோழியும்

காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும். 'மயில் கரைகிறது' என்று எழுதினால் தமிழம்மா சிவப்பு மையால் வட்டமிட்டு 'மரபு வழு' என்பார்கள். பெரியோர் வழங்கிய வழியிலேயே சொல்லை வழங்க வேண்டும் என்பது நன்னூல் காட்டும் மரபு. திண்டிவனத்துப் பக்கம் நாற்றை நடுவார்கள், கதிரை அறுப்பார்கள், மல்லாட்டையைப் பிடுங்குவார்கள். பள்ளிக்கூடமே காணாத பாட்டிகூட இவற்றை மாற்றிச் சொல்ல மாட்டார்.

ஆங்கிலத்துக்கும் இத்தகைய மரபு உண்டு என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் தாமதமாகவே அறிந்தோம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலுள்ள கல்மரப் பூங்காவைக் கண்டு வந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினோம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இன்றி அடிமரங்களே கிடப்பதால், அவை அங்கு வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று அறிஞர் கருதுகின்றனர்.

இதை எழுதப் புகுந்த நாங்கள் 'ஸ்ட்ராங் ரெயின்' என்றோம், 'ஹெவி எவிடன்ஸ்' என்றோம், 'டூ எ மிஸ்டேக்' என்றோம். 'பலத்த மழை'யை அப்படியே பெயர்த்தால் 'ஸ்ட்ராங் ரெயின்'தானே? இல்லையாம். ஆங்கிலத்தில் மழைதான் 'ஹெவி'; சான்றுதான் 'ஸ்ட்ராங்'. தவறுக்குத் துணை 'மேக்'; முடிவுக்குத் துணை 'டிரா'. கட்டுரைகள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பின. கிராமத்திலிருந்து வரும் எங்கள் தோழியர் சிலர் அன்று முதல் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சினர். மதிப்பெண் குறைந்ததைவிட அதுவே எங்களுக்குப் பெரும் வருத்தம்.

அவர்கள் அறிவிலிகள் அல்லர். சொல்லைத் தனியே கற்றார்கள், அதன் தோழியை யாரும் அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவே. இங்கிலாந்து மொழியியலறிஞர் ஜே. ஆர். ஃபர்த் 1950களிலேயே இந்தச் சொற்கூட்டுறவைக் 'காலொகேஷன்' என்று பெயரிட்டு விளக்கினார். 2013இல் ஆக்கர்மன், சென் என்னும் இரு ஆய்வாளர்கள், கல்விசார் நூல்களிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் 2,469 சொல்லிணைகளைப் பட்டியலிட்டனர்.

அப்படியானால் பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாமே என்பர் சிலர். அதிலும் ஆபத்து உண்டு. எங்கள் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள்! மரம், ஆசிரியர், செய்தித்தாள், மண்புழு அனைத்தும் 'வைட்டல் ரோல்' வகிக்கின்றன. இணை சரிதான், ஆனால் எழுதியவள் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. 'டிரா எ கன்க்ளூஷன்' என்பது கிணற்றில் நீர் இறைப்பதைப் போன்றது. சான்று என்னும் நீர் இல்லாத கிணற்றில் வாளியை விட்டு என்ன பயன்? வேரில்லாத அடிமரங்களைக் கண்ட பின்னரே அறிஞர் முடிவுக்கு வந்தனர். எழுதும் இணை சரியாகவும் இருக்க வேண்டும். உண்மையாகவும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அந்நிய மொழியின் மரபு நமக்கு வருமா என்று மலைக்க வேண்டியதில்லை. 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நம் மரபைக் கற்றுத் தேர்ந்து, புனித சூசையப்பரைத் தேம்பாவணியில் பாடினார். 1732இல் சதுரகராதியையும் தந்தார். தொடக்கத்தில் அவரும் தடுமாறித்தானே இருப்பார்?

ஆகவே தோழியரே, புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதன் தோழியையும் அருகிலே எழுதுவோம். அன்புள்ள ஆசிரியைகளே, பிழையை வட்டமிடும்போது சரியான துணைச்சொல்லையும் ஓரத்தில் எழுதித் தாருங்கள். பெற்றோரே, 'இத்தனை வருடம் கான்வென்டில் படித்தும் இப்படியா?' என்று கேட்காதீர்கள். தவறிப் பேசுபவள் ஒருநாள் திருத்தமாகப் பேசுவாள். வாயை மூடிக்கொண்டவள் எப்படிக் கற்பாள்?