மனைவியின் சாட்சியமும் கோப்பில் ஏற வேண்டும்
போர் நினைவால் வதைபடும் வீரர்களின் குடும்பங்கள் குறித்து முன்னாள் படைவீரர் குடும்பச் சங்கத்தின் நிலைப்பாடு

1988-இல் ராணுவத்தில் சேர்ந்து, மனச்சிதைவு நோய் என்று 1998-இல் வெளியே அனுப்பப்பட்ட ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஊன ஓய்வூதியம் வழங்கத் தீர்ப்பளித்தது. காரணம் எதுவும் எழுதாமல் ‘நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை’ என்று ராணுவ மருத்துவர்கள் அடங்கிய மெடிக்கல் போர்டு முடித்துவிட்டால், அதை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சங்கம் அதை முழு மனதோடு வரவேற்கிறது. ஆனால் வரவேற்பறிக்கை எழுதுவதற்காகக் கூடிய செயற்குழுவில் மகளிர் பிரிவு ஒரு கேள்வியை வைத்தது. இத்தகைய வழக்குகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இழுக்கின்றன. அத்தனை காலமும் அந்த மனிதரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் யார்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த அறிக்கை.

ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982 விதிகள், அவற்றை விளக்கிய 2013-இன் தரம்வீர் சிங் தீர்ப்பு, 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தகுதி விதிகள் ஆகியவற்றை உறுப்பினர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. புதிய விதிகளை முற்றாகத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு சாராரும், திருத்தினால் போதும் என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். அவை மறுபரிசீலனைக்கு உரியவை என்ற அளவில் செயற்குழு உடன்படுகிறது.

மெடிக்கல் போர்டு நடக்கும் விதம் குறித்து இத்தகைய கருத்து வேறுபாடு இல்லை. மனநோய் காரணமாக ஒரு சிப்பாய் போர்டின் முன் நிறுத்தப்பட்டால், அவரைப் பற்றி அவருடைய யூனிட்டின் கட்டளை அதிகாரி ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்ற படிவத்தில் அறிக்கை தர வேண்டும். வேலை எப்படி, ஒழுக்கம் எப்படி, குடிப்பாரா, சக வீரர்களோடு பழகுவாரா என்றெல்லாம் அதிகாரி எழுதுகிறார். அவர் அந்த யூனிட்டுக்கு மாற்றலாகி வந்து ஓராண்டுகூட ஆகாமல் இருக்கலாம். அந்தச் சிப்பாயோடு பதினைந்து ஆண்டு குடும்பம் நடத்தியவருக்கு அப்படி ஒரு படிவம் கிடையாது. சில மனநல மருத்துவர்கள் மனைவியை அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அது அந்த மருத்துவரின் நல்ல மனத்தால் நடப்பது. விதி அதைக் கேட்கவில்லை.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், அதாவது பி.டி.எஸ்.டி., பரேடு மைதானத்தில் தெரிகிற நோயல்ல. சீருடை போட்டு, விறைத்து நின்று, கேட்ட கேள்விக்கு ‘சரி சார்’ என்று சொல்லும் மனிதர் போர்டின் முன் பதினைந்து நிமிடம் நன்றாகவே இருப்பார். நோய் வெளியே வருவது இரவில், வீட்டில். விடுப்பில் வந்தவர் நள்ளிரவில் கத்திக்கொண்டு எழுவதை மனைவிதான் பார்க்கிறார். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பினால் கை ஓங்குவார் என்று தெரிந்து, கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்பக் கற்றுக்கொண்டவரும் அவர்தான். ஓட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் என்று கணவர் அடம்பிடிப்பதும், கூட்டமான பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கிவிடுவதும், தீபாவளி வாரம் முழுக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளறையில் கிடப்பதும், பிள்ளை தட்டைக் கீழே போட்டதற்கு நடுங்கி எழுவதும் மருத்துவ நூல்கள் பட்டியலிடும் அறிகுறிகள். இவற்றுக்கு மனைவியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ஒரே சாட்சியை விசாரிக்காமல் எந்த நீதிமன்றமும் வழக்கை முடிக்காது. மெடிக்கல் போர்டு மட்டும் எப்படி முடிக்கிறது?

ஓய்வூதிய ஆசையில் மனைவி மிகைப்படுத்துவார் என்று ஒரு மறுப்பு எழும் என்பது சங்கத்துக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஓய்வு பெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 விழுக்காட்டினரும், மற்ற படிநிலையினரில் 15 முதல் 18 விழுக்காட்டினரும் ஊன ஓய்வூதியத்தோடு செல்கிறார்கள் என்று தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை 2023-இல் கூறியதிலிருந்து இந்தச் சந்தேகம் பெருகிவிட்டது. அந்த அறிக்கை முன்னிறுத்திப் பேசியது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும். அந்தக் கணக்கைக் காட்டி, தூக்கம் தொலைத்த சிப்பாயின் வீட்டை ஏமாற்றுக்கார வீடாகப் பார்ப்பதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. கணவருக்குப் புத்தி சரியில்லை என்று ஊர் பேசும் என்பதால் பத்து ஆண்டு வாயே திறக்காத பெண்கள் இவர்கள். மகளின் கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று மாத்திரைச் சீட்டை ஒளித்துவைத்தவர்கள். இவர்களா பணத்துக்காக நோயைக் கற்பனை செய்வார்கள்?

எனவே சங்கம் கோருவது இது. ஓய்வுக்கு முந்தைய போர்டானாலும், மறு ஆய்வு போர்டானாலும், மேல்முறையீட்டு போர்டானாலும், வாழ்க்கைத் துணையின் எழுத்துமூல வாக்குமூலம் தனிப் படிவமாகக் கோப்பில் சேர வேண்டும். தமிழில் எழுதினாலும் ஏற்க வேண்டும். போர்டு அதை ஏற்க மறுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். வீரர் பெண்ணாகவும் துணை கணவராகவும் உள்ள குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது பணம். எப்போதும் உடன் ஆள் தேவைப்படுபவருக்கு ஓய்வூதியத்தோடு தரப்படும் கவனிப்பாளர் படி, 100 விழுக்காடு ஊனம் என்று போர்டு எழுதி, படியையும் பரிந்துரைத்தால் மட்டுமே கிடைக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அதன் அடிப்படைத் தொகை மாதம் 6,750 ரூபாய். கையும் காலும் நன்றாக இருக்கும் மனிதருக்கு 100 விழுக்காடு எழுத எந்த போர்டுக்கும் மனம் வராது. ஆனால் அவரைத் தனியே விட்டு வேலைக்குப் போக முடியாத மனைவியின் சம்பளம் முழுதாகத்தான் போகிறது. அமெரிக்கா 2010-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. பணியில் உடலோ மனமோ பாதிக்கப்பட்ட வீரரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாதத் தொகை, பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றோடு ஆண்டுக்கு 30 நாளாவது மாற்று ஆள் வைத்து ஓய்வும் தருகிறது அந்தச் சட்டம். அங்கேயும் 2020-இல் விதிகளை இறுக்கினார்கள். கண்காணிப்புத் தேவை பற்றிய குறுகலான வரையறையை நீதிமன்றம் 2022-இல் தள்ளியது. குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் அது நடந்தது. இங்கே படியை மனநோய்க்கும் உரியதாக்கி, 100 விழுக்காடு என்ற நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து அரசு பரிசீலிக்கலாம் என்று இந்த அறிக்கையின் வரைவில் இருந்தது. ‘பரிசீலிக்கலாம்’ என்ற சொல்லை மகளிர் பிரிவு ஏற்கவில்லை. தளர்த்த வேண்டும் என்பதே இறுதி வாசகம்.

அடுத்தது பயிற்சி. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு வைத்திருக்கும் மனைவி நோயாளியாகப் போனால் மருந்து கிடைக்கிறது. பராமரிப்பவராகப் போனால் அவருக்குச் சொல்லித்தர யாருமில்லை. சொல்லித்தர வேண்டியது நிறைய. கணவர் பயப்படும் இடங்களையெல்லாம் தவிர்ப்பதும், அவருக்குப் பதிலாகத் தானே எல்லாரிடமும் பேசுவதும், டி.வி. செய்தியை நிறுத்துவதும் அன்பினால் செய்பவைதான். ஆனால் நாளடைவில் இவையே நோயை நிலைக்கவைக்கும். அஞ்சும் நினைவை மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாக எதிர்கொள்ளவைப்பது பலன் தந்த சிகிச்சை. வீட்டில் இருப்பவருக்கு இது தெரியாவிட்டால் மருத்துவமனையில் செய்வது வீட்டில் கரைந்துபோகும். கேன்டீனில் மாதாமாதம் சலுகை விலையில் மதுப்புட்டி தரத் தெரிந்த அமைப்புக்கு, மாவட்டத்துக்கு ஒரு மனநல ஆலோசகரை வைக்கத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை நீக்கும்படி சில உறுப்பினர்கள் கேட்டனர். பெரும்பான்மை முடிவின்படி அது நிற்கிறது.

பழைய வழக்குகள் குறித்தும் ஒரு கோரிக்கை உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை கிட்டத்தட்ட 1,200 பேரை இழந்தது. திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. தமிழ் பேசும் ஊர்களில் துப்பாக்கியோடு நின்ற தமிழ்ச் சிப்பாய்கள் அதை வீட்டில்கூடப் பேசாமல் வயதாகிவிட்டார்கள். பழைய கோப்புகளைத் திறக்கும் எந்தத் திட்டத்திலும் அவர்களுக்கு முதலிடம் வேண்டும்.

நோயுற்ற வீரர் வீட்டில் மனைவியை அடிப்பது குறித்தும் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. வீரரின் பெயர் கெடும் என்ற அச்சத்தைச் சங்கம் மதிக்கிறது. ஆயினும் நோய் இருப்பதால் மனைவி அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ராணுவக் குடும்பத்துக்கும் உண்டு. தற்காலிகமாகப் பிரிந்து இருப்பவரின் வாக்குமூலத்தையும் போர்டு ஏற்க வேண்டும். இதற்கு மேலான நடைமுறைகள் பொதுக்குழுவின் முடிவுக்கு விடப்படுகின்றன.

படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேல்முறையீடு நிலுவையில் உள்ள குடும்பங்கள், நடந்ததைத் தேதி போட்டு மனைவி தம் கைப்பட எழுதிய குறிப்பை மனுவோடு இணைத்து அனுப்பலாம். நகல் ஒன்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். போர்டு அதைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதத்தோடு சங்கத்தின் சட்டக் குழுவை அணுகலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு தாக்கல் செய்யும் செலவைச் சங்கம் ஏற்கும். இரவில் நிலைமை கைமீறினால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. வீரர் மட்டுமல்ல, மனைவியும் அழைக்கலாம்.