பச்சை உப்பு சிவக்கும்போது

முத்துசுவாமி தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகள் ஒரு வயிற்றுவலியில் தொடங்கியவை என்பார்கள் இசைக்காரர்கள். சீடர் தம்பியப்பன் தீராத வலியில் துடிக்க, குரு கிரகத்தின் தோஷம் நீங்கவென்று அடாணாவில் 'பிருஹஸ்பதே' பிறந்ததாம். அந்தத் தீட்சிதர் 1835-இல் கண்மூடிய ஊர் எட்டயபுரம். பாட்டு வாய்க்காத அந்தக் கரிசல்காட்டுச் சனம் வயிற்றுக்கோளாறுக்கு நாட்டு மருந்துக் கடையைத் தேடியது.

அந்தக் கடைச் சரக்குகளில் ஒன்று அன்னபேதி. இளம்பச்சை நிறத்தில் உப்புக்கட்டி போல இருக்கும். அன்னத்தைப் பேதிப்பது, அதாவது சோற்றைக் கரைப்பது என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வேதியியலில் இது இரும்பு சல்பேட். சித்த மருத்துவர்கள் இதை அப்படியே கொடுப்பதில்லை. எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். நெருப்பில் கந்தக வாயு வெளியேற, பச்சை உப்பு செக்கச்செவேலென்று இரும்பு ஆக்சைடாகிறது. அதுதான் அன்னபேதிச் செந்தூரம். சோகை, காமாலை, குன்மம் எனும் வயிற்றுநோய் என்று நீளும் அது தீர்ப்பதாகச் சொல்லும் நோய்ப் பட்டியல். குன்மத்தை மட்டுமே எட்டு வகையாகப் பிரித்தவர்கள் சித்தர்கள்.

சோகைக்கு இரும்பு என்பதில் தகராறு இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் இருப்பது இரும்புச் சத்துதான்.

ஆனால் "ஈரலுக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினம் ஒரு சிட்டிகையைத் தேனில் குழைத்து மாதக்கணக்கில் உண்பவர்களை நினைத்தால் பதறுகிறது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. பெரும்பகுதி சேர்ந்து கிடப்பது அதே ஈரலில். அளவு மீறினால் ஈரல் தழும்பேறிச் சுருங்கவும் கூடும். காமாலைக்காரருக்கு ரத்தத்தில் இரும்பு குறைவாகத்தான் இருக்கும் என்று விதியும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்காமல் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பது.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கவலை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது கலந்திருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. முறையான உரிமம் பெற்ற தயாரிப்பில் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். காகிதத்தில் மடித்துத் தரும் செந்தூரத்தில் எதைப் பார்ப்பது? எட்டயபுரத்துக்காரர்கள் பேருந்தேறினால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்ப்பார், ரத்தச் சோதனைக்கும் எழுதித் தருவார்.

இரும்புக்கு மண்ணிலேயே ஒரு வழி இருந்தது. மானாவாரிக் கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உண்டு. கம்மங்கஞ்சி போய் ரேஷன் அரிசி வந்தபோது அது தட்டிலிருந்து நழுவியது.

செந்தூரம் உண்பவருக்கு மலம் கறுத்துப் போகும். பலர் அதை மருந்து வேலை செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். குடல்புண்ணில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும், தார் போல, பிசுபிசுப்பாக. வயிற்றுவலிக்காரர் ஒருவர் மருத்துவரிடம் போகும்போது முதலில் சொல்லவேண்டியது, வீட்டில் எந்தச் செந்தூரத்தை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்பதை.