ரௌட்டரின் சாவி யாரிடம்?

கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. இல்லத்து இணையத்திற்கோ அத்தகைய எளிமை வாய்க்கவில்லை. நிறுவனம் மாறியதும், பல இணைப்புகளில், ரௌட்டரிலுள்ள பழைய பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்கிப் புதியன இடவேண்டும்; சிலவற்றுக்கு விலான் எண்ணும் வேண்டும். இவற்றை எழுத்தில் தராது, வரும் பணியாளர் தாமே பதிந்துவிட்டுச் செல்வதைப் பலவிடத்தும் காண்கிறோம். வீடு நமது; சாவி கொத்தனாரிடம்! நம் பணத்தில் வாங்கிய ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுவது வீட்டாரின் உரிமை என்றே கருதுகிறோம். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பழையபடியே இருப்பின், வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் தாமே இணைந்துகொள்ளும். ரீசெட் பொத்தானை அழுத்துமுன் அமைப்புகளைத் தாளில் குறித்துக்கொள்க. அழுத்தியபின் அவை மீளா.