காயமும் கடமையும்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம், வல்லம் வரையிலும் இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்குவதை யாவரும் அறிவர். கார்களும், லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும், கைப்பேசிகளும் ஈண்டு ஆக்கப்பெற்று உலகின் பல பாகங்களுக்கும் செல்கின்றன. ஏரிநீரை நம்பி நெல் விளைத்த ஊர்கள் பல, இரவும் பகலும் ஷிப்டு முறையில் உழைக்கும் ஊர்களாயின. இம்மாறுதலால் விளைந்த நன்மைகள் பல. அவற்றை எடுத்துரைப்போரும் பலர். யான் எழுதப் புகுந்தது, அதிகம் பேசப்படாத ஒரு சிறு பொருளைப் பற்றியதாகும். வேலையிற் காயமுற்ற தொழிலாளி அதனை உடனே தெரிவித்தல் வேண்டும் என்னும் கடமையே அப்பொருள்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திரங்களோடு என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய திரு.வி. கலியாணசுந்தரனாரே, 1918ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்காக அயராது உழைத்தவர் என்பதை அன்னார்க்கு நினைவூட்ட விரும்புகிறேன். அன்றியும், இது மொழியைப் பற்றிய பொருளுமாகும். நேர்ந்ததை ஒருவர் சொல்லுதல், அதனை மற்றொருவர் கேட்டு எழுதிக்கொள்ளுதல் என்னும் இவ்விரண்டிலேயே இக்கடமை முழுதும் அடங்கியிருக்கிறது.

இக்கடமை புதிதாகத் தோன்றியதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே விபத்தை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும் என்று கூறிற்று. பின்னர், 1950ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தொழிலாளர் அரசு காப்பீட்டு ஒழுங்குவிதிகள் இதனை மிகவும் எளிதாக்கின. காயமுற்றவர் எழுத்தாலேனும் வாய்மொழியாலேனும் தெரிவிக்கலாம். அவரால் இயலாதாயின் அவர்பொருட்டுப் பிறரொருவர் தெரிவிக்கலாம். விபத்துப் புத்தகத்தில் உரிய விவரங்களைக் குறித்தலே போதுமான அறிவிப்பாகும் என்பன அவ்விதிகளின் கருத்து. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. தன்னையும், தன் செயலால் தீங்குறக்கூடிய பிறரையும் காத்துக்கொள்ளுதலும், ஆபத்தான நிலைமை தன் கவனத்துக்கு வந்தால் அதனை இயன்ற விரைவில் தெரிவித்தலும் தொழிலாளியின் கடமைகள் என்று அதன் 13ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே, காயம் நேர்ந்த பின்னரன்றி, நேருமுன்னரே சொல்லுதலும் கடமையாயிற்று.

ஆயினும் சட்டம் எளிதாக்கியதை வழக்கம் அரிதாக்கி வைத்திருக்கிறது. மரணம் நேர்ந்தால் அதனை மறைக்க இயலாது. 2010ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஸ்ரீபெரும்புதூரில் அந்நாளில் இயங்கிவந்த நோக்கியா தொழிற்சாலையில் இளம்பெண் ஒருவர் இயந்திரத்திற் கழுத்து சிக்குண்டு உயிர் துறந்தார். நாடெங்கும் அச்செய்தி பரவிற்று. அந்தத் தொழிற்சாலையும் 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் நசுங்கிய விரல் நுனியும், கண்ணில் தெறித்த உலோகத் துகளும், எண்ணெய் வழுக்கிய தரையில் விழுந்து பிசகிய முதுகும் செய்தியாவதில்லை. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வோர் எத்தனையோ பேர். இன்று ஒருவர் விரல்நுனியைக் கீறிய இயந்திரம் நாளை மற்றொருவர் கையைக் கொள்ளலாம். இன்றைய சிறு காயம் நாளைய பெருங் காயத்துக்கு முன்னறிவிப்பாகும். அதனை மறைப்பவர், தமக்குப் பின் அவ்விடத்தில் நிற்கப்போகும் தோழருக்குக் கிட்டவேண்டிய எச்சரிக்கையை மறைப்பவராகின்றார்.

அவர் ஏன் மறைக்கிறார்? அச்சமே காரணம். நிலையான வேலையுடையோர் சிலர். ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளருமோ மிகப் பலர். அடுத்த மாதம் வேலை உண்டோ இல்லையோ என்று ஐயுறுபவர், தொல்லை கொடுப்பவர் என்று பெயரெடுக்கத் துணிவாரோ? “உன் அஜாக்கிரதையே காரணம்” என்ற சொல்லுக்கு அஞ்சுவோரும் உளர். கவனக்குறைவு ஒன்றினாலேயே காப்பீட்டு உரிமை அழிந்துபோவதில்லை என்பதை அவர்க்கு யார் எடுத்துரைத்தார்? தற்காலிகமாக வேலைசெய்ய இயலாதார்க்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு அளவு உதவித்தொகை வழங்கும் அக்காப்பீடு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிற் காயமுற்றவரையும் புறக்கணிப்பதில்லை. எனினும், அன்றே பதிவு செய்யப்படாத காயம் வேலையில் நேர்ந்ததென்று ஆறு திங்கள் கழித்து நிறுவுதல் எளிதன்று.

வடநாட்டிலும் இதே நிலைமைதான். குருகிராமம், மானேசர் பகுதிகளில் விரலிழந்த மோட்டார்த் தொழிலாளர்க்கு உதவிவரும் ‘சேப் இன் இந்தியா’ என்னும் அமைப்பு, 2019ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், விபத்து நேர்ந்த பின்னரே காப்பீட்டு அட்டை பெற்றவர் பலர் என்று எடுத்துக்காட்டியுள்ளது. அட்டையே கையில் இல்லாதவர் எந்த உரிமையை நம்பி வாய் திறப்பார்?

மற்றொரு தடை மொழியாகும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களினின்று வந்தோர் பலர் இப்பகுதியில் உழைக்கின்றனர். மேற்பார்வையாளர் தமிழர், படிவமோ ஆங்கிலம், காயமுற்றவர் அறிந்தது ஒடியா. அவர்பொருட்டுப் பேசுவோர் அருகில் இல்லையேல், வாய்மொழி அறிவிப்பு என்னும் உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காயேயாகும்.

செய்தி வெளிப்படாத இடத்தில் வதந்தி குடிபுகும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூருக்கருகில் உள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையைச் சேர்ந்த பெண்கள் 150க்கு மேற்பட்டோர், தாம் தங்கியிருந்த விடுதியின் உணவு நஞ்சானமையால் மருத்துவமனை சேர்ந்தனர். சிலர் இறந்துபட்டனர் என்ற வதந்தி பரவவே, தோழியர் பெருந்திரளாகப் பெருவழியை மறித்து அமர்ந்தனர். தொழிற்சாலை 2022 ஜனவரி 12ஆம் நாள்வரை திறக்கப்படவில்லை. தோழியரின் நிலையை உரிய நேரத்தில் நம்பத்தக்க முறையில் அறிவித்திருப்பின், அத்துணைக் கலக்கம் நேர்ந்திராது என்பது என் கருத்து.

ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுசர், திருக்கோட்டியூரில் ஆசானிடம் கேட்ட மறைபொருளை, வெளியிட்டால் நரகம் புகுவாய் என்ற எச்சரிக்கையையும் பொருட்படுத்தாது, கோயிலின்மீது ஏறி நின்று யாவரும் கேட்கச் சொன்னார் என்று வைணவ மரபு கூறும். பிறர் நன்மைக்காகத் தமக்கு வரும் கேட்டை ஏற்றல் பெரியோர் செயல். ஆனால், மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி வீட்டிற் பலர் காத்திருக்கும் தொழிலாளி ஒவ்வொருவரும் இராமாநுசராதல் வேண்டும் என்று எதிர்பார்த்தல் நியாயமன்று. உண்மையைக் கூறுவதற்குத் தியாகம் தேவைப்படாத இடமே நல்ல தொழிற்சாலை. சொல்லுதல் தொழிலாளியின் கடமையாயின், சொன்னவரைத் தண்டியாமை முதலாளியின் கடமையாகும். முன்னதை மட்டும் சுவரில் எழுதிவைத்துப் பின்னதை மறந்துவிடுதல் நேர்மையாகாது.

வாயிலருகே “விபத்தின்றி இத்தனை நாட்கள்” என்று எண்ணிட்டுப் பலகை வைக்கும் வழக்கம் தொழிற்சாலைகளில் உண்டு. நோக்கம் நன்றே. ஆனால், அவ்வெண்ணிக்கைக்குப் பரிசும் பாராட்டும் சேருமாயின், காயமுற்ற ஒருவர் தம் குழுவினர் அனைவருடைய பரிசையும் கெடுத்தவராகின்றார். அப்பலகை விபத்தைக் குறைக்கின்றதோ, விபத்தைப் பற்றிய பேச்சைக் குறைக்கின்றதோ என்பது ஆராயத்தக்கது.

இக்கல்லூரியிற் பயின்ற அண்ணன்மார், அக்காமார் பலர் தொழிற்சாலைகளில் அதிகாரிகளாக விளங்குவர். நாளை நம்மிற் சிலரும் அங்குச் செல்வோம். அவர்க்கும் நமக்கும் யான் கூற விரும்புவன மூன்று. காயமுற்றவர் தாமறிந்த மொழியிற் சொல்வதைக் கேட்டு, அப்பொழுதே எழுதி, அதன் படியொன்றை அவர் கையிற் கொடுத்தல் வேண்டும். சொன்னமைக்காக எவரும் வேலையை இழத்தல் ஆகாது. பக்கத்தில் நிற்பவர் சொல்ல அஞ்சினால், அவர்பொருட்டு நாம் சொல்லுதல் வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு புத்தகமும், ஓர் எழுதுகோலும், செவிசாய்க்கும் மனமுமே வேண்டும்.