தூசி வண்டிக்கு யார் பணம் கொடுப்பது?

சேலையூர், மேடவாக்கம் பக்கம் சாவி கைக்கு வந்த புது அடுக்ககங்களில் மரவேலைக்குத் தனிப் பட்டறை கிடையாது, கூடம்தான் பட்டறை. மின் ரம்பமும் ரவுட்டரும் அங்கேயே ஓடும். சத்தம் வெளியே போகக்கூடாதென்று கதவைச் சாத்திவிடுவார்கள்; தூசியும் உள்ளேயே நிற்கும். தாம்பரத்தில் கார் நிறுத்தும் இடத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டிருப்பவர் சுவாசிப்பதும் இதையேதான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்திவிட்டது. மூக்கின் உட்பகுதியும் அதை ஒட்டிய காற்றறைகளும்தான் முதல் இலக்கு. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைப் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு 2004இல் அதே பட்டியலில் சேர்ந்தது. ஆசாரிக்குத் தூசி பழகிவிடும் என்பது மற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

இதற்குச் சரியான கருவி, சக்கரம் வைத்த சிறிய தூசி வண்டி. இறுக மூடிய டிரம், அதன்மேல் சைக்ளோன் கூம்பு, உறிஞ்சும் மோட்டார், கடைசியில் நுண்வடிகட்டி, இவ்வளவுதான். கூம்புக்குள் காற்று சுழலும்போது கனமான தூள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு டிரம்மில் விழுகிறது. மெல்லிய தூசி மட்டும் வடிகட்டிக்குப் போவதால் அது சீக்கிரம் அடைபடாது. சுவரோரம் நிலையாகக் குழாய் பதிப்பதைவிடச் சிறு இடத்துக்கு இதுவே மேல். குழாய் நீள நீளக் காற்றோட்டம் குறையும். வண்டியோ கருவியின் பக்கத்திலேயே வந்து நிற்கும், லிஃப்ட்டிலும் ஏறும். சாண்டருக்கும் ரவுட்டருக்கும் வேக்குவம் கிளீனர் மோட்டாரே போதும். இழைப்பு இயந்திரத்தின் சுருள் சீவலுக்கு அது பற்றாது. அதற்கு அகலக் குழாயும் பெரிய விசிறியும் தேவை.

ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் போதாதா என்பார்கள். பெரிய தூள் தரையில் விழும். ஆபத்தான நுண்தூசி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதக்கும், ஃபேன் அதைக் கிளறிவிடும். முகக்கவசம் அவசியம்தான். ஆனால் சித்திரை வெயிலில், வியர்வையோடு நாள் முழுக்க அதை யார் போட்டிருப்பார்கள்? போட்டவருக்கு மட்டுமே அது காவல். பலகை பிடிக்கும் உதவியாளுக்கு இல்லை. செலவு என்னும் ஆட்சேபம்தான் நியாயமானது. தினக்கூலி ஆசாரியிடம் போய் வண்டி வாங்கு என்று சொல்வது அநியாயம். சட்டமும் அவர் பக்கம் வராது: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்ய வேண்டும் என்றிருந்த வரம்பை 2020இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 20 ஆக்கியது. மூன்று பேர் வேலை செய்யும் கூடம் இரண்டிலும் அடங்காது. ஆகவே வண்டி ஒப்பந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். அதன் வாடகை எஸ்டிமேட்டில் தனி வரியாக வர வேண்டும். மாடுலர் கிச்சனுக்கு லட்சங்களில் பேரம் பேசும் வீட்டுக்காரர், அந்த வரி இல்லாத எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். அதே அறையில் அடுத்த மாதம் உறங்கப்போவது அவருடைய குடும்பம்.