கணினிக் குரலுக்கு நம்மூர் உச்சரிப்பு வேண்டும்

இருமொழிக் கல்வி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு தொடங்கிய செமினரியில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கூடவே படிப்பிக்கப்பட்டன. அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். கலித்தொகையைப் பின்னாளில் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் இந்தத் தாமோதரம்பிள்ளைதான். இரண்டு மொழிகளும் சம மதிப்போடு ஒரு மாணவனைச் சென்றடைந்தால் என்ன விளையும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் அதே செமினரி 1855இல் மூடப்பட்டபோது எழுந்த குறைகளில் ஒன்று, ஆங்கிலப் படிப்பு அரச உத்தியோகத்துக்கான வழியாகச் சுருங்கிவிட்டது என்பது. ஒரே வகுப்பறையில் இரண்டு மொழிகள் இருக்கும்போது எது பெரிது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவை எப்படிப் பேசப்படுகின்றன என்பதே காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்தப் பேச்சின் ஒரு பகுதி கணினியின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

2002 அளவில் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழி வகுப்புகள் தொடங்கின. பாடமும் ஆங்கிலமும் ஒருசேர வாய்த்த ஆசிரியர் எல்லாப் பாடசாலைக்கும் கிடைத்துவிடுவதில்லை. வகுப்பில் ஆசிரியர் ஒருமுறை வாசித்த பந்தியை வீட்டில் திரும்பக் கேட்கப் பிள்ளைக்கு வழியில்லை. எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் கைகொடுப்பது இங்கேதான். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது. மெதுவாகச் சொல் என்றால் சொல்லும். பிள்ளை பிழைவிட்டால் சிரிக்காது. 1978இலேயே ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் ‘ஸ்பீக் அன்ட் ஸ்பெல்’ என்ற பேசும் விளையாட்டுப் பொருளை வெளியிட்டது. அது ஒரு சொல்லை உச்சரிக்கும், பிள்ளை அதன் எழுத்துக்களைத் தட்டும். பார்வையற்ற மாணவர்களுக்கோ இத்தகைய குரல்தான் பாடப்புத்தகத்தைத் திறக்கிறது. ஆகவே கணினிக் குரலை வகுப்பறைக்குள் எடுப்பதா விடுவதா என்பதில் எனக்கு ஐயமில்லை. எடுக்கத்தான் வேண்டும். என் கவலை, அது எந்தத் தமிழைப் பேசப் போகிறது என்பது.

ஆங்கிலக் குரல்கள் இன்று மனிதக் குரலா இயந்திரமா என்று மயங்கும் அளவுக்குத் தேறிவிட்டன. தமிழ்க் குரல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டார் வாசித்த பதிவுகளிலிருந்து செய்யப்பட்டவை. மணிக்கணக்கான குரற்பதிவையும் அதன் எழுத்து வடிவத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே இந்த மென்பொருள் பேசப் பழகுகிறது. வாசித்தவர் யாரோ அவருடைய நாக்குத்தான் அதற்கும். ‘காற்று’, ‘வெற்றி’ என்ற சொற்களைத் தமிழ்நாட்டு வாசிப்பில் கேட்டால் ‘ற்ற’வில் ஒரு ரகர அதிர்வு வரும். யாழ்ப்பாணத்தில் அந்த அதிர்வு இல்லை. நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்று மேலே அழுந்தி விடுபடும். ஆங்கிலத்தின் T எழுத்து ஒலிக்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. அதனால்தான் நம்மவர்கள் ‘இன்ரர்நெற்’ என்றும் ‘ரிக்கற்’ என்றும் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் இவை டகரம் பெற்றன. தமிழ்நாட்டு வாசிப்பில் பழகிய குரல் ‘ரொறன்ரோ’வின் முதலெழுத்தை வெறும் ரகரமாகச் சொன்னால் கனடாவில் மாமா இருக்கும் பிள்ளைக்குக்கூட அது எந்த நகரம் என்று விளங்காது. விஞ்ஞானப் பாடத்தில் வரும் ‘ஒட்சிசன்’, ‘காபனீரொட்சைட்டு’ போன்ற சொற்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இல்லாதவை. ஆங்கில உச்சரிப்புக்கு உதவும் ஓர் ஒலியை யாழ்ப்பாணப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. அந்த ஒலியைப் பாடசாலையின் தமிழ்க் குரலே பிழையென்று உணர்த்திவிட்டால், பிள்ளை இரண்டு மொழிகளிலும் நட்டப்படுகிறது.

பாடசாலைக்குப் பொதுத் தமிழ்தானே வேண்டும், வட்டார வழக்கு எதற்கு என்று கேட்பார்கள். எழுதும் தமிழ் பொதுவாக இருக்கட்டும். அதை வாய்விட்டு வாசிக்கும் ஒலி ஊருக்கு ஊர் வேறு. ‘வாறன், போறன்’ என்று கணினி பேச வேண்டும் என்று இங்கு யாரும் கேட்கவில்லை. பாடநூல் வசனத்தை நம்மூர் ஆசிரியர் வாசிப்பதுபோல் வாசித்தால் போதும். ஆங்கிலத்துக்குப் பிரித்தானிய, அமெரிக்க, அவுஸ்திரேலிய, இந்தியக் குரல்கள் தனித்தனியே இருப்பதை எவரும் பிரிவினை என்று சொல்வதில்லை. மைக்ரோசொப்ற் நிறுவனமும் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாடுகளுக்குத் தனிக் குரல்களை வைத்திருக்கிறது. கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் நாட்டின் பெயரை ஒட்டியதும் உச்சரிப்புச் சரியாகிவிடாது, இங்குள்ளவர்கள் காதால் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கணினி வந்தால் ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்ற அச்சம் இதைவிடப் பாரமானது, நியாயமானதும்கூட. பிள்ளை ஏன் பிழைவிடுகிறது என்பதைக் குரல் கண்டுபிடிக்காது, ஆசிரியர் கண்டுபிடிப்பார். எனவே ஆசிரியர் படிப்பித்த பாடத்தை மீட்டுக் கேட்க மட்டுமே இந்தக் குரல் என்றும், ஆசிரியர் வெற்றிடக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்றும் இதற்கான சுற்றறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். இணைய வசதி இல்லையே என்பது சிறிய தடை. ‘ஈ-ஸ்பீக்’ போன்ற இலவச மென்பொருள் பழைய கணினியிலும் இணையமின்றித் தமிழ் வாசிக்கும், குரல் தகரம் தட்டினாற்போல் இருக்கும் என்பதுதான் குறை.

நல்ல குரலைச் செய்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் உண்டு, கணினி விஞ்ஞானமும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் வாசிப்பதற்கு இருக்கின்றன. திருத்தமாக வாசிக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்கள்தோறும் இருக்கிறார்கள். வாசிப்பவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். பிரதியாக்கப்பட்ட குரலைக் கொண்டு எதையும் சொல்ல வைக்கலாம் என்பதால், அவருடைய குரல் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று எழுத்தில் உடன்படிக்கை செய்ய வேண்டும். பதிவுகள் எல்லோருக்கும் திறந்தவையாக இருந்தால் மட்டக்களப்பும் மலையகமும் தத்தம் குரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மென்பொருளையும் வாங்குமுன் ஆறாம் தர விஞ்ஞானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இரு மொழிகளிலும் அதைக்கொண்டு வாசிக்கவைத்து, வகுப்பாசிரியரைக் கேட்கச் சொல்லலாம். ‘காற்று’ பிழையாக ஒலித்தால் அதைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அந்த ஆசிரியரிடமே இருக்க வேண்டும்.